திரை செத்த போனும் ஏடிபியும்: இணைப்பைப் பற்றிக் கற்றுக்கொண்டவை

அத்தையின் போன் கை நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடியில் ஒரே ஒரு கீறல்தான். ஆனால் திரை முழுக்கக் கறுப்பு, தொட்டாலும் அசைவில்லை. கூப்பிட்டால் மட்டும் மணி அடித்தது. "போன் போனா போகட்டும்பா, உள்ளே இருக்கிற போட்டோவை மட்டும் எடுத்துக் குடுத்துடு" என்றார். பேரன் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பேக்கப் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே போனில் ஒரு செயலியை நிறுவுவதற்காக என் லேப்டாப்பில் இணைத்திருந்தேன். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, 'இந்தக் கணினியை எப்போதும் அனுமதி' என்ற கட்டத்தில் டிக்கும் போட்டிருந்தேன். அதைத் திரும்ப அணைத்ததாக ஞாபகம் இல்லை. கேபிளைச் செருகி, கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து 'ஏடிபி டிவைசஸ்' என்று தட்டினேன். ஏடிபி என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி; இந்தக் கட்டளை இணைந்திருக்கும் போன்களைப் பட்டியலிடும். ஒரு சீரியல் எண் வந்தது. அதற்குப் பக்கத்தில் 'டிவைஸ்' என்று ஒரு சொல். அதைப் பார்த்த பிறகுதான் அத்தையிடம் "கிடைச்சுடும் அத்தை" என்று சொன்னேன்.

அந்த ஒரு சொல்லை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய சில வருடங்களில் அந்த இடத்தில் வேறு சொற்களைப் பார்த்து நான் இழந்த நேரம். ஏடிபி, அதாவது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ் பற்றி எழுதுகிறவர்கள் கட்டளைகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். கட்டளைகள் சுலபம். இணைப்புதான் ஆளைப் படுத்தும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டளைகளை உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

ஏடிபி என்பது ஒரே நிரல் போலத் தெரியும். உண்மையில் மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. நாம் டெர்மினலில் தட்டுவதை வாங்கிக்கொள்வது கிளையன்ட். கணினியிலேயே பின்னணியில் 5037 என்ற போர்ட்டில், அதாவது இணைப்பு வாசலில், உட்கார்ந்திருப்பது சர்வர். போனுக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஏடிபிடி. நாம் சொல்வதை கிளையன்ட் சர்வரிடம் சொல்லும், சர்வர் போனிடம் சொல்லும். இந்தப் படம் மனதில் இருந்தால், தகராறு வரும்போது எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். எனக்கு முதலில் இது தெரியாது. எது நடந்தாலும் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

'ஏடிபி டிவைசஸ்' காட்டும் பட்டியலே எந்த இடம் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். பட்டியல் காலியாக இருந்தால் போன் கணினியின் கண்ணிலேயே படவில்லை என்று அர்த்தம். முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழ வேண்டும். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை குறைந்த பல கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. போன் ஜோராக சார்ஜ் ஏறும், அதனால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். ஒரு நாள் மதியம் முழுவதும் டிரைவரை நீக்கி, மறுபடி நிறுவி, கணினியை ரீஸ்டார்ட் செய்து அலைந்தேன். கடைசியில் வேறு கேபிள் போட்டதும் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. அன்றிலிருந்து தகவல் போகும் என்று நான் சோதித்த கேபிளின் கழுத்தில் சிவப்பு டேப் ஒட்டி வைக்கிறேன்.

கேபிளும் சரி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கும் ஆன் என்றால், அடுத்தது இயங்குதளம். டெவலப்பர் ஆப்ஷன்ஸே கண்ணில் படவில்லையா? 'போனைப் பற்றி' பகுதியில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் வரும். விண்டோஸில் டிரைவர் தேவைப்படலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதுதான் காரணம். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸில் போன் பட்டியலில் வரும், ஆனால் பக்கத்தில் 'நோ பெர்மிஷன்ஸ்' என்று இருக்கும். இதைப் பார்த்ததும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடவிடும் ஆசை வரும், வேண்டாம். எந்தக் கருவியை யார் பயன்படுத்தலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகளைச் சேர்த்துவிட்டுக் கேபிளை மறுபடி செருகினால் நிரந்தரமாகத் தீரும்.

'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள், டிரைவர் எல்லாம் சரியாக இருக்கிறது, போன் மட்டும் உங்களிடம் "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2-லிருந்து இந்தக் கேள்வி உண்டு. கணினியில் அதை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ சாவி என்ற ஒரு கோப்பு இருக்கும். அதன் கைரேகையை, அதாவது அந்தச் சாவியின் சுருக்க அடையாளத்தை, போன் திரையில் காட்டி அனுமதி கேட்கும். போனின் பூட்டைத் திறந்து திரையைப் பார்த்தால்தான் அந்தப் பெட்டி தெரியும். தெரியவே இல்லை என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய அனுமதிகளை ரத்து செய்யும் வரி ஒன்று உண்டு. அதைத் தட்டிவிட்டு, 'ஏடிபி கில்-சர்வர்' கொடுத்து, கேபிளைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

'ஆஃப்லைன்' என்ற சொல்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. இணைப்பு சில நிமிடம் நன்றாக இருக்கும், திடீரென்று போய்விடும், மறுபடி வரும். இப்படியே ஒரு வாரம் போனது. டெர்மினலில் ஒரு வரி அவ்வப்போது வந்து போவதை நான் படிக்காமலேயே கடந்துகொண்டிருந்தேன்: சர்வரின் பதிப்பு 31, கிளையன்டின் பதிப்பு 41, ஒத்துப்போகவில்லை, சர்வரை நிறுத்துகிறேன் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. என் கணினியில் இருந்த இன்னொரு மென்பொருள் தனக்கென்று ஒரு பழைய ஏடிபியைக் கொண்டுவந்து வைத்திருந்தது. இரண்டும் 5037-க்காக அடித்துக்கொண்டு, ஒன்று எழுந்தால் மற்றதன் சர்வரைக் கொன்றன. விண்டோஸில் 'வேர் ஏடிபி', மேக்கிலும் லினக்ஸிலும் 'விச் -ஏ ஏடிபி' என்று கேட்டால், கணினி நிரல்களைத் தேடும் பாதையில் ஏடிபியின் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று தெரியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது மென்பொருள் தன் கோப்புறைக்குள் தனியாக ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், அதன் அமைப்புகளில் போய் உங்கள் பிரதியின் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அத்தையின் போனுக்கு வருகிறேன். 'டிவைஸ்' என்று பார்த்ததும் படங்களை இழுத்திருக்க வேண்டும். நான் அதற்கு முன்னால் ஒரு தவறு செய்தேன். ரீபூட் செய்தால் தொடுதிரை உயிர் பெறலாம் என்று நினைத்து 'ஏடிபி ரீபூட்' கொடுத்துவிட்டேன். போன் திரும்ப எழுந்தது, பட்டியலிலும் 'டிவைஸ்' என்றே வந்தது. ஆனால் கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறையைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றது. கோப்புகள் எல்லாம் குறியாக்கத்தில் இருந்தன. போன் எழுந்த பிறகு ஒரு முறையாவது பின் எண்ணைப் போட்டுத் திறந்தால்தான் சேமிப்பகம் திறக்கும். கீழே விழும் முன் அத்தை எத்தனையோ முறை திறந்திருந்தார், அந்தத் திறந்த நிலையைத்தான் என் ரீபூட் மூடிவிட்டது. திரை போன ஆனால் உயிரோடிருக்கும் போன் கையில் கிடைத்தால் எக்காரணம் கொண்டும் ரீபூட் செய்யாதீர்கள், சார்ஜ் தீரவும் விடாதீர்கள். முதலில் கோப்புகள், மற்றதெல்லாம் அப்புறம்.

பின் எண் அத்தைக்குத் தெரியும், ஆனால் எண்ணைத் தட்டத்தான் திரை இல்லை. இங்கேதான் 'இன்புட்' கட்டளை கைகொடுத்தது. (இதையும், பின்னால் வரும் 'டபிள்யூஎம்', 'பிஎம்', 'சிஎம்டி' கட்டளைகளையும் 'ஏடிபி ஷெல்' என்பதற்குப் பின்னால் சேர்த்துத் தட்ட வேண்டும்.) முதலில் திரையை எழுப்ப வேண்டும். பலரும் சொல்வது 'இன்புட் கீஈவென்ட் 26', அது பவர் பொத்தான். கறுத்த திரையில் அதனால் ஒரு சிக்கல்: அணைந்திருந்தால் எழுப்பும், எழுந்திருந்தால் அணைத்துவிடும், எது நடந்தது என்று நமக்குத் தெரியாது. 224 என்ற எண்ணைக் கொடுத்தால் எழுப்ப மட்டுமே செய்யும். அதைக் கொடுத்தேன். அப்புறம் 'ஏடிபி எக்செக்-அவுட் ஸ்கிரீன்கேப் -பி' என்று திரையைப் படம் பிடித்துக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். கண்ணாடிக்கு அடியில் பேனல் செத்துப்போயிருந்தாலும் போன் தனக்குள் படத்தை வரைந்துகொண்டுதான் இருந்தது. கடிகாரமும், பின்னணியில் பேரனின் சிரிப்பும் லேப்டாப் திரையில் வந்தபோது அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திரையின் அளவை 'டபிள்யூஎம் சைஸ்' சொன்னது: அகலம் 1080, உயரம் 2160. கீழிருந்து மேலே இழுக்க 'இன்புட் ஸ்வைப் 540 1800 540 600'. பின் எண்ணுக்கு 'இன்புட் டெக்ஸ்ட்', அதன் பக்கத்தில் அத்தை சொன்ன எண். கடைசியில் என்டருக்கு 'இன்புட் கீஈவென்ட் 66'. இன்னொரு முறை படம் பிடித்துப் பார்த்தேன், முகப்புத் திரை வந்திருந்தது. இனி தாமதம் வேண்டாம் என்று 'ஏடிபி புல்' கொடுத்து டிசிஐஎம் கோப்புறையையும், வாட்ஸ்ஆப் கோப்புறைக்குள் இருந்த மீடியாவையும் இழுத்தேன். அது ஆண்ட்ராய்டு 9. இப்போதைய போன்களில் வாட்ஸ்ஆப் படங்கள் 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'மீடியா' என்ற இடத்துக்குப் போய்விட்டன, தேடும்போது அங்கேயும் பாருங்கள்.

எல்லாம் வந்த பிறகு திறந்து பார்த்தால் அத்தனை கோப்புகளுக்கும் இன்றைய தேதி. கேமரா படங்களுக்குள் எடுத்த தேதி பதிந்திருக்கும், அதனால் அவை தப்பித்தன. வாட்ஸ்ஆப்பில் வந்தவற்றில் அந்தப் பதிவு இருக்காது; கோப்பின் பெயரில் தேதி இருந்தாலும் கேலரி கோப்பின் தேதியைப் பார்த்து அடுக்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட்டது. மறுபடி 'ஏடிபி புல் -ஏ' என்று இழுத்தேன். அந்த -ஏ போட்டால் பழைய தேதி அப்படியே வரும். இப்போதெல்லாம் -ஏ இல்லாமல் நான் எதையும் இழுப்பதில்லை.

இது நன்றாக முடிந்த கதை. மோசமாக முடிந்த ஒன்றும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு செயலியைச் சோதிக்கும் வேலையில் மேசை மேல் இரண்டு போன்கள் இணைந்திருந்தன. ஒன்று சோதனைக்கானது, மற்றொன்று என் சொந்தப் போன், சார்ஜுக்காகச் செருகியது. இரண்டு கருவிகள் இருக்கும்போது எதற்கு என்று சொல்லாமல் கட்டளை கொடுத்தால், ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன என்று ஏடிபி மறுத்துவிடும். அந்த மறுப்பு என்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். சோதனைப் போனின் செருகும் வாய் தளர்ந்து போனது; லேசாக அசைந்ததும் இணைப்பு விட்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. செயலியின் தரவைத் துடைக்கும் 'பிஎம் கிளியர்' கட்டளையைக் கொடுத்தேன். இப்போது பட்டியலில் இருந்தது ஒரே போன், அதனால் ஏடிபி ஒன்றும் கேட்காமல் வேலையை முடித்து 'சக்சஸ்' என்றது. அதே செயலியில் என் சொந்தப் போனில் எட்டு மாதமாக எழுதி வைத்த குறிப்புகள் போய்விட்டன. 'பிஎம் கிளியர்' உறுதியா என்று கேட்காது, மீட்கவும் வழி வைக்காது.

அதன் பிறகு இரண்டு வழக்கங்கள் வந்தன. சொந்தப் போனை வேலைக் கணினியில் செருகுவதே இல்லை, சார்ஜுக்குத் தனி அடாப்டர். இரண்டாவது, அழிக்கிற எந்தக் கட்டளைக்கும், மேசையில் ஒரே போன் இருந்தாலும், '-எஸ்' போட்டு சீரியல் எண்ணைக் கொடுத்துவிடுவேன். நீளமாக இருக்கிறது என்றால் டெர்மினலில் 'ஆண்ட்ராய்டு_சீரியல்' என்ற மாறியில் எண்ணை வைத்துவிடலாம், அந்த ஜன்னலில் கொடுக்கும் கட்டளைகள் எல்லாம் அந்தப் போனுக்கே போகும். அது இணைப்பில் இல்லை என்றால் வேறொன்றுக்குத் தாவாமல் பிழை சொல்லி நின்றுவிடும். எந்த எண் எந்தப் போன் என்று குழம்பினால் 'ஏடிபி டிவைசஸ் -எல்' மாடல் பெயரையும் காட்டும்.

பல போன்களுக்கு ஒரே கட்டளையை வரிசையாகக் கொடுக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டியலை 'வைல் ரீட்' சுற்றில் வாசித்து ஒவ்வொன்றுக்கும் 'ஏடிபி ஷெல்' கொடுத்தால் முதல் போனோடு சுற்று முடிந்துவிடும், பிழையும் காட்டாது. காரணம், 'ஏடிபி ஷெல்' மீதிப் பட்டியலையும் தனக்கான உள்ளீடு என்று விழுங்கிவிடுகிறது. 'ஏடிபி ஷெல் -என்' என்று எழுதினால் சரியாகிவிடும். ஆறு போன்களில் ஒன்றில் மட்டும் அமைப்பு மாறியிருந்ததைப் பார்த்து நான் நெடுநேரம் போன்களைத்தான் சந்தேகப்பட்டேன்.

கேபிள் இல்லாமல் வைஃபையில் இணைப்பது வசதிதான். பழைய முறையில் முதலில் கேபிளில் இணைத்து 'ஏடிபி டிசிபிஐபி 5555' கொடுத்து, பிறகு போனின் ஐபி முகவரியோடு 'ஏடிபி கனெக்ட்'. ஆண்ட்ராய்டு 11-லிருந்து கேபிளே வேண்டாம். வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் செய்து, 'ஏடிபி பேர்' கொடுத்து, திரையில் வரும் ஆறு இலக்க எண்ணைத் தட்டினால் போதும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் போர்ட் எண். இணை சேர்ப்பதற்கு ஒரு போர்ட், அதற்குப் பிறகு 'கனெக்ட்' செய்ய வேறொரு போர்ட். பெட்டியில் தெரிவது முதலாவது, பின்னால் இருக்கும் பக்கத்தில் தெரிவது இரண்டாவது. முதல் எண்ணையே இரண்டுக்கும் போட்டுவிட்டு இணையவில்லை என்று தவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய முறையில் திறந்த 5555-ஐ வேலை முடிந்ததும் 'ஏடிபி யூஎஸ்பி' கொடுத்து மூடிவிடுங்கள். 2018 பிப்ரவரியில் இந்தப் போர்ட் வழியாகவே ஒரு புழு, அதாவது தானாகப் பரவும் தீய நிரல், பரவியது. திறந்து கிடந்த ஆண்ட்ராய்டு கருவிகளுக்குள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தது. அனுமதி கேட்காமலேயே ஏடிபியைத் திறந்து வைத்திருக்கும் டிவி பெட்டிகள் இன்றும் உண்டு. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அமைப்புகளில் போய் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

தேவையில்லாத செயலிகளை நீக்குவதற்காகவே ஏடிபிக்கு வருகிறவர்கள் அதிகம். 'பிஎம் அன்இன்ஸ்டால் --யூசர் 0' அந்தப் பயனரின் கண்ணிலிருந்து எடுத்துவிடுகிறது. சிஸ்டம் பகுதியில் கோப்பு அப்படியே இருக்கும். அதனால் இடம் பெரிதாக மிச்சமாகாது, ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வந்துவிடும். 'சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்' கொடுத்தாலும் வரும். நான் முதலில் 'பிஎம் டிசேபிள்-யூசர்' மட்டும் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பேன். ஒரு முறை அவசரத்தில் விசைப்பலகைச் செயலியையே நீக்கிவிட்டு, தேடல் கட்டத்தில் ஒரு எழுத்தும் தட்ட முடியாமல் நின்றேன். 'இன்புட் டெக்ஸ்ட்' இருந்ததால் சமாளித்தேன். அதுவும் ஆங்கில எழுத்துகளைத்தான் ஏற்கும். தமிழில் கொடுத்தால் பிழையோடு நின்றுவிடும்.

போன் எழுதும் பதிவுகளைக் காட்டும் லாக்கேட் பற்றித் தனியாக எழுத வேண்டும், அது பெரிய கடல். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். செயலி திறந்ததும் மூடிக்கொள்கிறது என்றால், ஓடும் வரிகளுக்குள் தேடாதீர்கள். 'ஏடிபி லாக்கேட் -பி கிராஷ் -டி' கொடுத்தால் விழுந்த கணத்தின் பதிவு மட்டும் வந்து நிற்கும். அதில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக இருப்பதைப் படியுங்கள், மூல காரணம் அங்கேதான் இருக்கும்.

ஐபோனுக்கு ஏடிபி கிடையாது. லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற திறமூலக் கருவித் தொகுப்பு அங்கே ஓரளவு ஈடு செய்கிறது. 'ஐடிவைஸ்_ஐடி -எல்' இணைந்தவற்றைப் பட்டியலிடும், 'ஐடிவைஸ்சிஸ்லாக்' பதிவுகளைக் காட்டும். அங்கேயும் முதலில் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்குப் போனில் பதில் சொன்னால்தான் எதுவும் நடக்கும்.

அத்தைக்குப் புதுப் போன் வாங்கியதும், "அதே மாதிரி இதுலயும் செஞ்சு வெச்சுடுப்பா, நாளைக்கு இதுவும் விழுந்தா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்தேன். அனுமதி பெற்ற கணினியின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அந்தப் போன் பெரும்பாலும் திறந்த வீடு. அது அத்தையின் வங்கிச் செயலியும் இருக்கும் போன். தவிர ஆண்ட்ராய்டு 11-லிருந்து, 7 நாள் இணைக்காமல் விட்டால் அந்த அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். வாரா வாரம் கொண்டுவந்து செருகுவாரா அத்தை? அதனால் யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்தேன். படங்கள் தானாக பேக்கப் ஆகும்படி வைத்து, முதல் பேக்கப் முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய போனை அப்புறப்படுத்தும் முன் இன்னொரு முறை 'ஏடிபி டிவைசஸ்' தட்டி, அதே சீரியல் எண்தானா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். வாட்ஸ்ஆப் கோப்புறையின் படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமாக இருப்பதைப் பார்த்தேன். பிறகு, அத்தையின் கையாலேயே என்டரைத் தட்டச் சொல்லி, உள்ளே இருந்ததை அழித்தோம்.